பாட்டிலா, குழாயா? கேளிக்கைப் பூங்கா வாசலில் ஒரு பழைய கேள்வி

சிதம்பரத்திலிருந்தோ கடலூரிலிருந்தோ சென்னைப் பக்கத்துத் தீம் பார்க்குக்குப் போகும் பள்ளிச் சுற்றுலாப் பேருந்து விடியுமுன்பே கிளம்பிவிடும். புதுச்சேரி, மரக்காணம் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் பூங்கா வாசலைத் தொடும்போது வெயில் ஏறியிருக்கும். வாசலில் ஒரு நீள மேசை. அதன் பின்னால் நிற்கும் சீருடைப் பெண் ஒவ்வொரு பையாக ஜிப்பைத் திறந்து, துண்டையும் மாற்றுத் துணியையும் ஒதுக்கி, அடிவரை கைவிட்டுப் பார்ப்பார். புளிச்சோற்றுப் பொட்டலம் ஒரு பக்கம் போகும், தண்ணீர் பாட்டில் இன்னொரு பக்கம். மேசைக்குக் கீழே இருக்கும் டிரம்மில் முக்கால் நிறைந்தவை, மூடி திறக்காதவை, பிள்ளையின் பெயரும் வகுப்பும் எழுதி ஒட்டியவை என்று பாட்டில்கள் சேர்ந்துகொண்டே இருக்கும். "இங்கயே குடிச்சிட்டுப் போங்க, உள்ள எல்லாம் கிடைக்கும்" என்பது வாசலில் வழக்கமாகக் கேட்கும் பதில். பக்கத்துப் பலகையில் காரணமும் எழுதியிருக்கும்: பாதுகாப்பு.

யாருடைய பாதுகாப்பு, எதிலிருந்து பாதுகாப்பு என்று பலகை சொல்வதில்லை. காசு கொடுத்து நுழையும் இடத்துக்குச் சொந்தத் தண்ணீரைக் கொண்டுபோவதைத் தடுக்கலாமா என்ற கேள்விக்கு அறநூல், சட்டம், பொருளியல், காவல்துறை எல்லாம் தனித்தனியே பதில் வைத்திருக்கின்றன. ஒரு பதில் மற்றதோடு பேசுவது அரிது. அவற்றை ஒரே மேசையில் பரப்பிப் பார்ப்பதே இந்தக் கட்டுரையின் வேலை.

பந்தலும் சாலையும்

மிகப் பழைய பதில் இந்த மண்ணிலேயே இருக்கிறது. பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் பிறந்தவர் திருநாவுக்கரசர். அவரை நேரில் பார்ப்பதற்கு முன்பே அவர் பெயரில் திங்களூரில் தண்ணீர்ப்பந்தல் வைத்தவர் அப்பூதியடிகள். அந்த வரலாற்றைப் பாடிய பெரியபுராணம் அரங்கேறியது சிதம்பரம் கோயிலில் என்பது மரபு. சோழர் காலக் கல்வெட்டுகளிலும் தண்ணீர்ப்பந்தலுக்கும் அதில் தண்ணீர் வார்ப்பவர்க்கும் நிலம் விட்ட செய்திகள் உண்டு. 1867 மே மாதம் வடலூரில் வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையின் அடுப்பு இன்றும் அணையவில்லை. வழிப்போக்கனின் தாகத்துக்கும் பசிக்கும் விலை வைக்கக் கூடாது என்பது இந்த மரபின் நிலை.

அதே 1867-இல்தான் ஆங்கில அரசு சராய் சட்டத்தையும் இயற்றியது. எந்த ஓட்டலும் யார் கேட்டாலும் இலவசமாகத் தண்ணீர் தர வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்வதாக அடிக்கடி பகிரப்படுகிறது. சட்டத்தின் வாசகத்தைப் படித்தால் அவ்வளவு தாராளம் தெரியவில்லை. சத்திரங்களைப் பதிவு செய்வது, இடத்தைச் சுத்தமாக வைப்பது, தங்குவோர் பயன்படுத்தும் கிணறு குளங்களைத் தூய்மையாக வைப்பது ஆகியவையே அதன் கவலை. வாசலில் வாதாட அந்தச் சட்டத்தை நம்பிப் போவது அவ்வளவு உசிதமில்லை.

பந்தல் மரபை அப்படியே பூங்கா வாசலுக்குக் கொண்டுவருவதிலும் சிக்கல் இருக்கிறது. பந்தல் நின்றது பொதுச் சாலையில். பூங்கா, மதிலும் டிக்கெட்டும் உள்ள இடம். மேலும், பந்தலில் எல்லோருக்கும் ஒரே குவளையில் வார்த்தார்கள் என்று நினைத்தால் அது நம் விருப்பம்தான். சாதி பார்த்து வார்த்த காலமும் உண்டு. ரயில் நிலையங்களில் இந்துத் தண்ணீர், முஸ்லிம் தண்ணீர் என்று தனித்தனிப் பானைகள் இருந்த காலமும் உண்டு. 'தண்ணீரைக் கொடு' என்று மரபு சொல்கிறது. 'தன் தண்ணீரைத் தான் கொண்டுவர விடு' என்பது பற்றி அது எதுவும் சொல்லவில்லை. இந்த இடைவெளி பின்னால் நீதிமன்றத்தில் பெரிதாகிறது.

என் இடம், என் விதி

இரண்டாவது நிலை உடைமையாளருடையது. இந்தியாவில் இதற்கான முக்கியமான தீர்ப்புகள் திரையரங்குகளைப் பற்றியவை. பூங்காக்கள் அவற்றின் நிழலில்தான் நிற்கின்றன.

2015-இல் அகர்தலாவின் ஒரு திரையரங்கு தொடர்பான வழக்கில் தேசிய நுகர்வோர் ஆணையம், உள்ளே இலவசக் குடிநீர் வைக்காமல் வெளித் தண்ணீரைத் தடுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்று சொன்னது. 2018 ஜூலையில் ஜம்மு-காஷ்மீர் உயர் நீதிமன்றம் அதையும் தாண்டிப் போய், பார்வையாளர் தன் உணவையும் தண்ணீரையும் கொண்டுவருவதைத் தடுக்கவே கூடாது என்று ஆணையிட்டது. அந்த ஆணையை உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரி 3 அன்று ரத்து செய்தது. தலைமை நீதிபதி சந்திரசூட், நீதிபதி நரசிம்மா அமர்வின் வாதம் எளிமையானது: திரையரங்கு தனியார் சொத்து, பொதுநலனுக்கும் பாதுகாப்புக்கும் முரணாகாதவரை நுழைவு நிபந்தனைகளை உரிமையாளர் வகுக்கலாம், பிடிக்காதவர் போகாமல் இருக்கலாம். ஜிலேபி தின்றுவிட்டு விரலை இருக்கையில் துடைத்தால் யார் சுத்தம் செய்வது என்று விசாரணையின்போது எழுந்த கேள்வி செய்திகளில் நன்றாக ஓடியது.

ஜிலேபிக்குக் கிடைத்த வெளிச்சம் தீர்ப்பின் இன்னொரு பாதிக்குக் கிடைக்கவில்லை. திரையரங்குகள் எல்லோருக்கும் சுகாதாரமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும் என்பதையும், கைக்குழந்தைக்குத் தேவையான உணவைப் பெற்றோர் எடுத்துச் செல்லலாம் என்பதையும் நீதிமன்றம் பதிவு செய்தது. தண்ணீரை ஜிலேபியிலிருந்தும் கூல்டிரிங்ஸிலிருந்தும் பிரித்துத் தனியே வைத்த இடம் அது. 2015-இல் நுகர்வோர் ஆணையம் போட்ட கோட்டின் மேலேயே உச்ச நீதிமன்றமும் நடந்திருக்கிறது என்று கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து வாசித்தால், பாட்டிலைத் தடுக்கும் உரிமை உள்ளே இருக்கும் குழாயோடு முடிச்சுப் போடப்பட்டிருக்கிறது. குழாயில் தண்ணீர் வராத நாளில் அந்த உரிமைக்கும் பலம் குறைகிறது என்றே எனக்குப் படுகிறது. தீர்ப்பு இதை இதே சொற்களில் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

'பிடிக்காவிட்டால் போகாதே' என்ற வாதத்தின் பலவீனம் சுற்றுலாப் பேருந்தில் தெரிகிறது. பூங்காவைத் தேர்ந்தெடுத்தது பள்ளி. காசு கொடுத்தது வீடு. வாசலில் பாட்டிலை இழப்பது ஏழாம் வகுப்புப் பிள்ளை. படம் மூன்று மணி நேரத்தில் முடிந்துவிடும், அதுவும் குளிர்சாதன அறைக்குள். பூங்காவில் காலையிலிருந்து மாலைவரை, வெயிலிலும் குளோரின் தண்ணீரிலும் இருக்க வேண்டும். ஒருமுறை வெளியே வந்தால் மறுபடி விடுவார்களா என்பதும் நிச்சயமில்லை. திரையரங்குக்கு வகுத்த நியாயத்தைப் பூங்காவுக்கு நீட்டும்போது உடலின் தேவை மாறிவிடுகிறது.

பாதுகாப்பு என்னும் சொல்

பலகையில் எழுதியிருக்கும் காரணத்துக்கு வருவோம். அதில் உண்மை இல்லாமல் இல்லை.

முதலாவது, சாராயம். கடலூர்க்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் புதுச்சேரி. அங்கே மது மலிவு. ஆல்பேட்டைச் சோதனைச்சாவடியில் வண்டியை ஓரங்கட்டி இருக்கைக்கு அடியில் தேடுவது ஊருக்குப் பழகிய காட்சி. 'வெளிப் பானம்' என்றால் அங்கே பொருளே வேறு. நிறமில்லாத மதுவையும் தண்ணீரையும் கண்ணால் பிரிக்க முடியாது. கோலா பாட்டிலில் கலந்து கொண்டுபோவதும் யாரும் அறியாத கலை இல்லை. அலைக்குளமும் சறுக்கும் உள்ள இடத்தில் குடித்தவர் இறங்கினால் ஆபத்து அவருக்கு மட்டுமில்லை.

இரண்டாவது, கண்ணாடி. வெறுங்காலோடு நடக்கும் ஈரத் தரையில் உடைந்த பாட்டில் எவ்வளவு கெடுதல் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூன்றாவது, எறிபொருள். 1996 மார்ச் 13-இல் கொல்கத்தா ஈடன் கார்டனில் நடந்த உலகக் கோப்பை அரையிறுதியில் பாட்டில்கள் மைதானத்துக்குள் பறந்தன. ஆட்டம் நின்று, வெற்றி இலங்கைக்குப் போனது. 2015 அக்டோபரில் கட்டாக்கிலும் பாட்டில் வீச்சால் ஆட்டம் தடைபட்டது. மைதானங்களில் தண்ணீர் பாட்டிலைத் தடுப்பதற்கு இந்த அனுபவங்கள் பின்னணியாக இருக்கின்றன. நான்காவது, வெடிபொருள். 2006 ஆகஸ்டில் பிரிட்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் திரவ வெடிபொருளால் தகர்க்கும் சதி வெளிப்பட்ட பிறகுதான் 100 மி.லி. விதி உலக விமான நிலையங்களில் பரவியது.

இந்த நான்கில் எதுவும், சாதாரணத் தண்ணீரை முழுமையாகத் தடுத்தே ஆக வேண்டும் என்று நிறுவவில்லை. கண்ணாடியைத் தடுக்கக் கண்ணாடியைத் தடுத்தால் போதும். சந்தேகம் இருந்தால் கொண்டுவந்தவரையே ஒரு வாய் குடிக்கச் சொல்லலாம். எளிமையான சோதனை, செலவும் இல்லை. இந்தியாவில் உள்நாட்டு விமானத்தில் தண்ணீர் பாட்டிலோடு ஏறும் பயணி, தரையில் உள்ள பூங்காவுக்குள் ஏன் நுழைய முடியாது? இதற்கு நெருங்கிய கேள்வியை 2018 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றமே கேட்டது. திரையரங்குகளில் வெளி உணவை அனுமதித்தால் பாதுகாப்புக் குழப்பம் வரலாம் என்று மகாராஷ்டிர அரசு சொன்னபோது, விமானத்திலேயே வீட்டுச் சாப்பாடு போகிறதே என்று நீதிபதிகள் திருப்பிக் கேட்டார்கள். எறிபொருள் வாதத்துக்குப் பதில் சேப்பாக்கத்திலேயே இருக்கிறது. 2018 ஏப்ரல் 10 அன்று, காவிரிப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்தபோது, பலத்த சோதனையைத் தாண்டி மைதானத்துக்குள் போய் விழுந்தது செருப்பு. செருப்பைத் தடுக்க விதி கிடையாது. அந்தக் கோபமும் தண்ணீருக்காகத்தான்.

இன்னும் அழுத்தமான சான்று சீனாவில் கிடைக்கிறது. ஷாங்காய் டிஸ்னிலேண்ட் வெளி உணவையும் பானத்தையும் தடுத்து வைத்திருந்தது. 2019-இல் சட்டக் கல்லூரி மாணவி ஒருவர் வழக்குத் தொடுத்தார். அமெரிக்காவிலும் பாரிஸிலும் அதே நிறுவனம் வெளித் தின்பண்டத்தை அனுமதிக்கும்போது ஆசியாவில் மட்டும் ஏன் தடை என்று சீனப் பத்திரிகைகள் கேட்டன. அந்த ஆண்டு செப்டம்பரில் விதி தளர்ந்தது. மாணவிக்கு 50 யுவான் கிடைத்தது. பைச் சோதனை அப்படியே தொடர்ந்தது, கண்ணாடிக்கும் மதுவுக்கும் தடையும் தொடர்ந்தது. ஒரே நிறுவனம், ஒரே வகைச் சவாரிகள், ஊருக்கு ஊர் வேறு விதி என்றால், அந்த விதியைப் பாதுகாப்பு மட்டும் தீர்மானித்திருக்க வாய்ப்பில்லை.

தடையே ஆபத்தாகும் பக்கமும் உண்டு. பாதுகாப்பு வாதம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை. 1999 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தில் ரோம் என்ற ஊரில் நடந்த வுட்ஸ்டாக் இசைவிழாவில், கொளுத்தும் வெயிலில், வாசலிலேயே தண்ணீரைப் பறித்துக்கொண்டு உள்ளே ஒரு பாட்டில் நான்கு டாலருக்கு விற்றார்கள். குழாய்களில் நீண்ட வரிசை. விழா தீவைப்பிலும் கலவரத்திலும் முடிந்தது. தண்ணீர் மட்டும் காரணமில்லை. ஆனால் அந்த விழாவைப் பற்றிய எந்த வரலாறும் தண்ணீரைத் தவிர்ப்பதில்லை. சென்னை மெரினாவில் 2024 அக்டோபர் 6 அன்று நடந்த விமான சாகச நிகழ்ச்சியில் தண்ணீர்த் தடை எதுவும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. இருந்தும் கூட்டத்திலும் வெயிலிலும் சிக்கியவர்களில் ஐந்து பேர் இறந்தார்கள். குடிநீர் கிடைக்காமல் அலைந்ததாகப் பலர் சொன்னார்கள். அதே மாதத்தில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. வெயில் பேரிடர் என்றால், வெயிலில் நிற்பவரின் கையிலிருக்கும் தண்ணீரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

டிக்கெட்டும் பாப்கார்னும்

பாதுகாப்பைக் கழித்தால் மிஞ்சுவது வியாபாரம். அதைச் சொல்லக் கூசத் தேவையில்லை, பொருளியலாளர்கள் கூசவுமில்லை. வால்டர் ஓய் 1971-இல் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே டிஸ்னிலேண்ட் இருக்கிறது. நுழைவுக்கு அதிகம் வாங்கிக்கொண்டு சவாரியை மலிவாக விடுவதா, நுழைவை மலிவாக்கிச் சவாரிக்கு வாங்குவதா என்பது அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். அந்தக் காலத்தில் டிஸ்னிலேண்டில் சவாரிக்குத் தனித்தனிச் சீட்டு. இன்றைய பூங்கா எல்லாச் சவாரிகளையும் ஒரே டிக்கெட்டில் அடக்கிவிட்டது. தனித்தனியே காசு வாங்க மிஞ்சியவற்றில் பெரியது வாய்தான்.

திரையரங்கு பற்றி ரிக்கார்ட் கில், வெஸ்லி ஹார்ட்மன் இருவரும் 2009-இல் ஸ்பெயின் தரவுகளை வைத்து எழுதிய ஆய்வு, படத்துக்கு அதிகம் கொடுக்கத் தயாராக இருப்பவர்கள்தான் பாப்கார்னும் அதிகம் வாங்குகிறார்கள் என்று காட்டியது. டிக்கெட்டை எல்லோருக்கும் கட்டுப்படியாக வைத்து, வசதியுள்ளவரிடம் தின்பண்டத்தில் வாங்கிக்கொள்வது ஒருவகையில் ஏழைக்குச் சாதகம் என்பது இதன் நீட்சி. தமிழ்நாட்டில் சினிமா டிக்கெட்டுக்கு அரசே உச்சவரம்பு வைப்பதால், கேன்டீன் இல்லாவிட்டால் அரங்கை நடத்த முடியாது என்று உரிமையாளர்கள் சொல்வதையும் இந்தக் கோணத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

பாப்கார்னுக்கு இந்த வாதம் நிற்கும். தண்ணீருக்கு நிற்குமா என்பது ஐயம். பாப்கார்ன் வேண்டாமென்று ஒருவர் இருந்துவிடலாம். தாகம் வருமானத்தைப் பார்த்து வருவதில்லை. சித்திரை வெயிலில் மூன்று பிள்ளைகளோடு வந்த குடும்பம், ஒரு பிள்ளையோடு வந்த வசதியான குடும்பத்தைவிட அதிகத் தண்ணீர் வாங்கும். இங்கே வசதிக்கேற்ற வசூல் என்ற கணக்கு தலைகீழாகிவிடுகிறது. வியாபாரம் என்பதால் அது தவறாகிவிடாது. வியாபாரத்தைப் பாதுகாப்பு என்று பலகையில் எழுதுவதுதான் உறுத்துகிறது.

இடையில் ஒன்று. சேத்தியாத்தோப்பிலிருந்து 200 கி.மீ.க்கு மேல் குழாய் போட்டு, வீராணம் ஏரித் தண்ணீர் 2004 முதல் சென்னைக்குப் போகிறது. திட்டத்தின் அளவு நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர். கடலூர் மாவட்டத்துத் தண்ணீர் அவ்வளவு தூரம் தடையில்லாமல் போய்ச் சேர்கிறது. அதே மாவட்டத்துப் பிள்ளை கையில் கொண்டுபோகும் அரை லிட்டர் வாசலில் நின்றுவிடுகிறது.

குப்பை

அண்மையில் சேர்ந்த காரணம் பிளாஸ்டிக். பிச்சாவரத்தின் சுரபுன்னைக் கால்வாயில் படகிலிருந்து விழும் ஒரு பாட்டில் வேர்களுக்கிடையே சிக்கினால் எடுப்பார் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் தடை வந்தால் அதில் லாப நோக்கம் தேடுவது அநியாயம். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்பில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் இந்த வழியில்தான். ஆனால் வெளி பிளாஸ்டிக்கைத் தடுத்துவிட்டு உள்ளே அதே பிளாஸ்டிக்கை விற்கும் இடத்தில் இந்த வாதத்துக்கு மதிப்பில்லை. டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைத் தந்தால் திருப்பிக் கொடுக்கும் முறை 2022-இல் நீலகிரியில் தொடங்கி மற்ற மாவட்டங்களுக்கும் போயிருக்கிறது. மது பாட்டிலுக்கு முடிந்தது தண்ணீர் பாட்டிலுக்கு முடியாதா?

இன்னும் தீராதவை

2023-இன் தீர்ப்பு திரையரங்குகளைப் பற்றியது. அதன் இலவசக் குடிநீர்ப் பகுதி நீர்ப் பூங்காவையும் கட்டுப்படுத்துமா என்பது வழக்காகி முடிவாக வேண்டிய ஒன்று. பூங்காக்கள் தீர்ப்பின் முதல் பாதியைத் தமக்குச் சாதகமாகக் காட்டினால், இரண்டாம் பாதியையும் சேர்த்தே ஏற்க வேண்டும் என்று வாதிட இடமிருக்கிறது. அதற்குமேல் உறுதியாகச் சொல்வது இப்போதைக்குச் சரியாகாது.

இலவசக் குடிநீர் என்றால் எவ்வளவு? பத்தாயிரம் பேர் வரும் இடத்தில் கழிவறைக்குப் பக்கத்தில் ஒரு குழாய் வைத்தாலும் 'வைத்திருக்கிறோம்' என்று சொல்லலாம். எத்தனை பேருக்கு ஒரு குழாய், எத்தனை அடிக்குள், எத்தனை நாளுக்கொருமுறை தண்ணீர்ப் பரிசோதனை என்ற அளவுகோல் இல்லாமல் அந்தச் சொல்லுக்கு எடையில்லை.

விலையிலும் முடிச்சு இருக்கிறது. ஒரே பாட்டிலுக்கு இரண்டு எம்.ஆர்.பி. அச்சடிக்கக் கூடாது என்ற விதி 2018 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், 2017 டிசம்பரில், ஓட்டலும் உணவகமும் எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. அங்கே விற்பது பாட்டில் மட்டுமில்லை, இருக்கையும் பரிமாறலும் சேர்ந்தது என்பது காரணம். சவாரிக்குப் பக்கத்தில் ஐஸ்பெட்டியோடு நிற்கும் தள்ளுவண்டி உணவகமா, பெட்டிக்கடையா? உட்கார நாற்காலியும் இல்லை, பரிமாற ஆளும் இல்லை. பெட்டிக்கடை என்ற பக்கமே நியாயம் சாய்வதாகத் தோன்றுகிறது.

காலிப் பாட்டில் பற்றி விவாதங்களில் பேச்சே இல்லை. அதில் மது இல்லை, வெடிபொருள் இல்லை. எஃகு பாட்டிலாக இருந்தால் பிளாஸ்டிக் குப்பையும் இல்லை. எறிந்தால் அடிபடும் என்பது உண்மைதான். மைதானத்தில் அது போதுமான காரணம், நீர்ப் பூங்காவில் அவ்வளவு வலுவில்லை. உள்ளே நல்ல தண்ணீர் குழாயில் வருகிறதென்றால் காலிப் பாட்டிலை விடுவதில் பூங்காவுக்கு விற்பனையைத் தவிர இழப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. வாசலின் உண்மையான காரணத்தை அறிய இதைவிட மலிவான சோதனை கிடைக்காது.

இவற்றுக்கெல்லாம் பதில் வர வேண்டுமானால் யாராவது வழக்குப் போட வேண்டும். 2019-இன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் கொடுப்பவர் தான் குடியிருக்கும் ஊரிலேயே கொடுக்கலாம். பூங்கா செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தாலும் சிதம்பரத்துப் பெற்றோர் கடலூர் மாவட்ட ஆணையத்தை அணுகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டால் கட்டணமும் இல்லை. தடங்கல் சாட்சியத்தில்தான். மேசைக்குக் கீழே டிரம்மில் போன பாட்டிலுக்கு யாரும் ரசீது தருவதில்லை. உள்ளே வாங்கிய பாட்டிலுக்குத்தான் ரசீது உண்டு. அதுவும் பெரும்பாலும் நீர்ச்சறுக்கிலிருந்து திரும்பிய ஈரக் கால்சட்டைப் பையில் கரைந்துபோயிருக்கும்.